அட்டைப் படத்துக்கு யாரிடம் கேட்பது?

1

இந்த நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் முடிந்த அன்று, என் மேசையில் ஒரு சின்ன கேக்கும் அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டும் இருந்தன. கேக் என்னோடு வேலை பார்ப்பவர்கள் வாங்கி வைத்தது. சீட்டு எங்கள் இயக்குநர் கேரல் ஒட்டியது. "தமிழ்ப் பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவசரமே இல்லை. மதியத்துக்கு முன்னால் வந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். இந்த ஊரில் அவசரத்தை இப்படித்தான் சொல்வார்கள். நம் ஊர் மேலதிகாரி என்றால் பியூனை விட்டுக் கூப்பிட்டு, நாம் போய் நின்ற பிறகு தலையைத் தூக்காமல் ஃபைல் பார்ப்பார். இரண்டில் எது மேல் என்று இன்னும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. கேக்கைத் தின்றுவிட்டே போனேன்.

தமிழ்ப் பக்கம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஓஹையோ மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது. நான் வந்த புதிதில் புடவை கட்டிக்கொண்டு வெளியே போனால் கார்கள் மெதுவாகப் போகும். இப்போது அப்படியில்லை. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வருடத்தை மறந்துவிடும் என்று பயந்துபோய், இங்குள்ள கம்பெனிகள் நம் பையன்களை விமானம் விமானமாக இறக்குகின்றன. பின்னாலேயே அவர்களுடைய அம்மா அப்பாக்களும் ஆறு மாத விசாவில் வருகிறார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு இவர்களுக்குப் பேச ஆளில்லை. குளிர் வந்துவிட்டால் நடக்கவும் முடியாது. அதனால் எங்கள் நூலகம் தமிழுக்கு ஒரு அலமாரி ஒதுக்கியது. ஊருக்குத் திரும்பிய குடும்பங்கள் பெட்டி பெட்டியாக விட்டுப்போன புத்தகங்கள் அதை நிரப்பின.

புத்தகம் இருந்தும் அதைத் தேடத்தான் வழியில்லை. அட்டவணையில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுதி, மேலே கோடும் கீழே புள்ளியும் வைத்திருப்பார்கள். அது இன்ன புத்தகம் என்று சொல்ல எனக்கே மூச்சு முட்டும். எனவே நூலகத்துக்கு வலைத்தளம் வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். புத்தகங்களின் அட்டைகளை ஸ்கேன் செய்து, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, ஒரே பக்கத்தில் வரிசையாக அடுக்கினேன். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படத்தை அமுக்கினால் போதும். வேலை முடிந்து வரும் மகன் போகிற வழியில் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவான்.

இதை அதிகம் பயன்படுத்தியவர் ராஜம்மா. கெலமங்கலத்துக்காரர், மகன் வீட்டுக்கு வந்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், படிப்பது தமிழ். வாரத்துக்கு மூன்று புத்தகம் முடித்துவிடுவார். "பேரு யாரு படிக்கறாங்கம்மா, பொம்மைய பாத்தா தெரியாதா நம்ம புஸ்தகமா இல்லியான்னு?" என்பார்.

ராஜம்மா பொம்மை என்று சொல்லும் அந்தப் படங்களை நீக்கச் சொல்லத்தான் கேரல் கூப்பிட்டிருந்தார்.

2

அறையில் நூலகத்தின் வக்கீலும் இருந்தார். வேறு ஏதோ ஒரு நூலகத்துக்கு அட்டைப்பட விஷயமாக நோட்டீஸ் வந்ததாகக் கேள்விப்பட்டு, முன்னெச்சரிக்கையாக வந்திருந்தார். புத்தகத்தை வாங்கினால் அந்தப் பிரதி நம்முடையது, அதன் அட்டையில் உள்ள ஓவியம் நம்முடையது அல்ல என்று ஆரம்பித்தார். ஓவியத்தைப் பிரதி எடுக்கும் உரிமை வரைந்தவருடையது, அல்லது அவரிடமிருந்து வாங்கிய பதிப்பாளருடையது. அது சேலத்தில் அச்சானாலும் சரி, சிகாகோவில் அச்சானாலும் சரி.

ஆனால் சட்டத்திலேயே ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள். ஃபேர் யூஸ் என்று பெயர். அனுமதி இல்லாமலே நியாயமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். நியாயமா இல்லையா என்பதற்குச் சில கேள்விகள் உண்டு. எதற்காக எடுத்தாய்? நாங்கள் லாபத்துக்கு எடுக்கவில்லை. எடுத்தது எப்படிப்பட்ட பொருள்? கற்பனையில் பிறந்த ஓவியம். இதில் நமக்குக் கொஞ்சம் சறுக்கல். எவ்வளவு எடுத்தாய்? முழு அட்டையும்தான், ஆனால் தீப்பெட்டி அளவு. இதனால் அவர்களுடைய வியாபாரம் கெடுமா? தீப்பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்காமல் போனவர்கள் உலகத்தில் எங்காவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். "ஐ ஹாவ் எ டவுட்" என்று ஆரம்பித்தேன். நம் ஊரில் அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்றுதான் அர்த்தம். இங்கே உன்னை நான் நம்பவில்லை என்று அர்த்தம். வக்கீலின் முகம் சுருங்கியது. கேரல் உடனே எனக்காகப் பரிந்து பேசி, நான் கேட்காத ஏதோ ஒன்றுக்குச் சமாதானம் சொன்னார். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும், இந்த டவுட் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"நம் பக்கம் நியாயம் இருக்கலாம், வக்கீலும் அப்படித்தான் நினைக்கிறார்" என்றார் கேரல். "ஆனால் எந்தக் கோர்ட்டும் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. அதைச் சொல்லவைக்கும் முதல் நூலகமாக நாம் இருக்க வேண்டாம். கேட்க முடிந்தவர்களிடம் கேட்டுவிடு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராத படங்களை எடுத்துவிடுவோம்."

சென்னைப் பதிப்பகங்களுக்கு ஃபாக்ஸில் எழுதினேன். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், கூடவே எங்கள் விற்பனை முகவரியையும் போடுங்கள் என்று பதில் வந்தது. மிச்சம் நின்றது ஒரு வரிசை மட்டும்தான். சேலத்தில் எப்போதோ மூடிவிட்ட ஒரு அச்சகம் போட்ட பாக்கெட் நாவல்கள், பதினொன்று. எல்லாம் கொலையும் காதலும். எல்லா அட்டைகளுக்கும் ஓவியர் ஒருவரே. மூலையில் வால் நீண்ட ஒரு 'வெ' இருக்கும். ராஜம்மாவுக்கு உயிரான வரிசை அதுதான்.

அதில் பத்தைத்தான் நான் வலைப்பக்கத்தில் போட்டிருந்தேன். பதினொன்றாவது புத்தகத்தை, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருந்தேன்.

3

ஏன் பூட்டினேன் என்று சொல்ல எண்பதுகளின் தொடக்கத்து ஓசூருக்குப் போக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காதர் பாய் ஒரு வாடகை நூலகம் வைத்திருந்தார். ஊரில் அப்போதுதான் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பையன்கள் ஒரு அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருந்தார்கள். ஷிஃப்ட் முடிந்தால் அவர்களுக்குப் போக்கிடம் இரண்டு: சினிமாக் கொட்டகை, காதர் பாய் கடை. பாக்கெட் நாவலை வாங்கிப்போகும் பையன்கள் திருப்பிக் கொடுக்கும்போது அட்டை இருக்காது. அது அவர்கள் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.

அதற்குப் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். புதுப் புத்தகம் வந்ததும் அவரே அட்டையைக் கிழித்துவிடுவார். புத்தகத்துக்குக் காக்கித்தாள் போட்டு நம்பர் எழுதி உள்ளே அடுக்குவார். கிழித்த அட்டையை மைதாப் பசையில் தடவி, கடை முன்சுவரில் அதே நம்பரோடு ஒட்டிவிடுவார். அந்தச் சுவர் ஒரு கதவு அளவில் தொடங்கிப் பக்கத்து டீக்கடை வரை வளர்ந்தது. வருகிறவர்கள் சுவரைப் பார்த்து விரலை நீட்டுவார்கள். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் எல்லாருக்கும் அதுவே அட்டவணை. அத்திப்பள்ளி பஸ்ஸுக்கு நிற்பவர்களும் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நிற்பவர்களும், படிக்கிற பழக்கம் இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள். வேறென்ன செய்வது?

ஓஹையோவில் நான் வலைப்பக்கத்தைப் போட்டபோது, பிரமாதமான யோசனை என்று கேரல் பாராட்டினார். யோசனை காதர் பாயுடையது. பாய் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், சிரித்துவிட்டு ஒரு டீ சொல்லியிருப்பார்.

4

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா சாமல்பட்டிப் பக்கம் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு கம்பெனியில் ஃபிட்டராக நிமிர்ந்தவர். எனக்கும் கம்பெனி வேலைக்கு மனுப் போடுவதற்காக ஊரில் இருந்த ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். அதே படத்தில் ஒரு பிரதியைப் பெரிதாக்கி, கல்லாவியிலிருந்து வந்த ஒரு வரனுக்கும் கொடுத்தார். ஒரே செலவில் இரண்டு காரியம்.

மாப்பிள்ளை கிருஷ்ணகிரியில் ஒரு பாங்கியில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பஸ்ஸுல போனா உங்களுக்கு வாந்தி வருமா?" கல்லாவிக்கும் ஓசூருக்கும் அடிக்கடி போய்வர வேண்டியிருக்குமே என்று யோசித்திருக்கிறார். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்காமல், என் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. வராது என்று சொன்னேன். வரும். அவருக்காகப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று. சீர் சாமான் விஷயம் பேச மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓசூரில் பஸ் இறங்கினார். எதிரே காதர் பாயின் சுவர். அதில் புதிதாக ஒட்டிய ஓர் அட்டையில் ஒரு பெண் காரின் ஜன்னல் வழியே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். உதட்டில் ரத்தச் சிவப்பாகச் சாயம், கழுத்துக்குப் பின்னால் ஓர் ஆணின் கை, அந்தக் கையில் துப்பாக்கி. முகம் என்னுடையது. எனக்கு ஜாடையான முகம் என்றால்கூடச் சமாளித்திருக்கலாம். அதே சாய்வு, அதே ஜிமிக்கி, நெற்றியில் அதே சுருள் முடி. அந்தத் தாய்மாமனின் சட்டைப் பையில் என் ஸ்டுடியோ படம் இருந்தது. எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டுக்கு வந்தவர் உட்காரவில்லை. "ஏம்பா, பொண்ணு ஃபோட்டோவ எங்களுக்கு மட்டும் குடுத்தீங்களா, ஊருக்கே குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அம்மா கொண்டுவந்த காபியை வாங்காமல் போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஸ்டுடியோவில் நெகட்டிவ்களைச் சரிசெய்யவும், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டவும் ஓர் ஓவியர் இருந்தார். பெயர் வெங்கடேசப்பா. ஓய்வு நேரத்தில் சேலத்து அச்சகத்துக்கு அட்டை வரைவார். மாடலை உட்காரவைத்து வரைய அவருக்கு வசதி ஏது? ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டிதான் அவருக்கு மாடல். பிடித்த முகத்தை எடுத்துக்கொள்வார். புத்தகம் சேலத்தில் அச்சாகி, மதுரையிலும் சென்னையிலும் ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் விற்கப்போகிறது, ஓசூரில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். காதர் பாயை மறந்துவிட்டார்.

அப்பா ஸ்டுடியோவுக்குப் போய்க் கத்தினார். ஓவியர் இல்லை என்றார்கள். நெகட்டிவையாவது கொடு என்று வாங்கிக்கொண்டு வந்து, தகரம் வெட்டும் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிப்போட்டார். பிறகு பாயிடம் போனார். "எனக்குத் தெரியாதுண்ணே, நம்ம வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சா ஒட்டுவனா?" என்று பாய் பதறிப்போய்ப் பிய்க்கப் பார்த்தார். மைதாப் பசை விடவில்லை. கடைசியில் அதன் மேல் வேறோர் அட்டையை ஒட்டினார்.

ஒட்டுவதற்கு முன்னால், அம்மாவிடம் தையல் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் போய்ப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிற்பவள்போல நின்று பார்த்தேன். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தன. அந்த ஆளைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அதே சமயம் இன்னொன்றும் இருந்தது, அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. நான் அழகாக இருந்தேன். அந்தக் காருக்குள் இருந்தவள் எதற்கும் பயப்படுகிறவளாகத் தெரியவில்லை.

கல்யாணம் நின்றது நின்றதுதான். கல்லாவிக்காரரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அதற்காக நான் அழுதேன், நிறைய நாள் அழுதேன். மூன்று வருடம் கழித்து பெங்களூரில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியருக்கு என்னைக் கொடுத்தார்கள். அவரோடு இங்கே வந்து சேர்ந்தேன். இந்த வாரம் வரை அவருக்கு இந்தக் கதை தெரியாது.

5

இப்போது புரிந்திருக்கும். ராஜம்மாவின் படங்கள் வலைப்பக்கத்தில் இருக்க வேண்டுமானால், எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் நான் அனுமதி கேட்க வேண்டும். என்னிடம் கேட்காமல் என் முகத்தை எடுத்துக்கொண்ட ஆளிடம்.

வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பதில் வரவில்லை என்று கேரலிடம் சொன்னால் முடிந்தது. ஆனால் விஷயம் ராஜம்மாவின் காதுக்குப் போய், அவர் மகனை இழுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, பொம்மைங்கள எடுத்துடப் போறாங்களாமே? வீட்ல பகலெல்லாம் நானும் ஃப்ரிட்ஜும்தான். அது ஒண்ணுதான் சத்தம் போட்டுக்கினு இருக்குது. புஸ்தகமும் இல்லன்னா நான் என்னா பண்ணுவேன்?"

"வரைஞ்சவர்கிட்ட சம்மதம் வாங்கணுமாம்மா. அவர் எங்க இருக்காரோ?"

"யாரு, இந்த 'வெ' போட்ட ஆளா? நம்ம வெங்கடேசப்பாதான! எங்க அண்ணன் கடைக்கு போர்டு எழுதனவரு. இப்ப மகனோட சேந்து கம்ப்யூட்டர்ல ஸ்டிக்கர் வெட்டற கடை போட்டுக்கினு இருக்காரு. அண்ணன்கிட்ட கேட்டா நம்பர் தருவான்."

அன்றைக்கே மகனின் செல்ஃபோனிலிருந்து கெலமங்கலத்துக்குப் பேசி, நம்பரை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

6

வியாழக்கிழமை மாலை, ஓசூரில் அப்போது வெள்ளி காலை, நூலகத்தின் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தத்தோடு ஒரு கம்மிய குரல் எடுத்தது. அமெரிக்காவில் ஒரு நூலகத்திலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. பதினோரு நாவல்களின் விஷயத்தை விளக்கினேன்.

"எதுக்கும்மா? நான் போட்ட அட்டைங்களா? அமெரிக்காவுலயா?"

"ஆமாங்க. சின்னதா, தீப்பெட்டி சைஸ்ல. புத்தகத்த கண்டுபிடிக்கறதுக்கு மட்டும். உங்க சம்மதம் வேணும்."

"அதுக்கா இவ்ளோ தூரத்துல இருந்து பேசறீங்க? போட்டுக்குங்கம்மா, நல்லா பெருசாவே போடுங்க. ஒரு அட்டைக்கு இன்னாருதான் வரைஞ்சதுன்னு அந்த அச்சாபீஸ்காரன்கூட உள்ள பேரு போடல. கையெழுத்து வேணுமா? பையன் ஃபாக்ஸ் வச்சிருக்கறான், அனுப்பிடறேன்."

வேலை முடிந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அதுல ஒரு படம். கார் ஜன்னல்ல ஒரு பொண்ணு இருப்பா" என்றேன்.

மறுமுனையில் மெஷின் சத்தம் குறைந்தது. கதவைச் சாத்தினார்போல.

"அதா... அது ஸ்டுடியோவுக்கு வந்த பொண்ணும்மா. நல்ல மொகம். நேரா பாக்கற மொகம். நம்ம ஊர்ல பொண்ணுங்க கேமராவ பாத்தா தலைய குனிஞ்சுக்கும், இது குனியல. பாத்தவுடனே போட்டுட்டேன். அதால அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுபோச்சு."

அவரே தொடர்ந்தார்.

"அவங்கப்பா வந்து கத்தினப்போ நான் உள்ள டார்க் ரூம்லதான் ஒளிஞ்சுக்கினு இருந்தேன். அந்த ஆளு நெகட்டிவ வாங்கிக்கினு போய்ட்டாரு. போயி என்னா? எனக்குக் கை பழகிடுச்சு. அப்புறம் வேற மொகமே வரல எனக்கு. ஒண்ணுல கொண்டை போட்டேன், ஒண்ணுல கூலிங் கிளாஸ் மாட்டனேன், ஒண்ணுல பக்கவாட்டா திருப்பனேன். பதினோரு அட்டையிலயும் அந்த ஒரே பொண்ணுதாம்மா."

ஒன்றைப் பூட்டிவைத்து, மற்ற பத்தையும் என் கையாலேயே ஸ்கேன் செய்து உலகத்துக்கே காட்டியிருக்கிறேன். அதுவும் வெட்கப்பட்டுப் பூட்டியவள்.

"இப்ப நீங்க ஒரு தீப்பெட்டிப் படத்துக்கு என்னைத் தேடிப் பிடிச்சு கேக்கறீங்க" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "உள்ளூர்ல இருந்த பொண்ணு, நான் போய் ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருக்கணும். எங்க இருக்குதோ அது."

"இப்ப பாத்தா கேப்பீங்களா?"

"கேப்பேம்மா."

"அப்ப கேளுங்க" என்றேன். "நான்தான் அது."

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"போட்டுக்கட்டுமாம்மா?"

அப்போது எனக்கு அழுகை வந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. கம்பெனிக்கு மனுப் போடவா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்தப் படத்தைக் கல்லாவிக்குக் கொடுக்கவா என்று அப்பா கேட்கவில்லை. கல்யாணம் நின்றபோதும், வேறொன்று முடிந்தபோதும், கடல் தாண்டியபோதும் என்னிடம் வந்து சேர்ந்தது செய்தி மட்டும்தான். கேட்க வேண்டிய எல்லாரிலும் கடைசி ஆளான இவர் ஒருவர்தான் கேட்கிறார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

7

ஓவியர் சம்மதித்துவிட்டார், ஆனால் இன்னொருவரின் சம்மதம் பாக்கி இருக்கிறது என்று மறுநாள் கேரலிடம் சொன்னேன். யார் என்று கேட்டார். படத்தில் இருப்பவர் என்றேன். காப்புரிமைக்கு அது தேவையில்லையே என்றார். எனக்குத் தேவை என்றேன். கேரல் திங்கட்கிழமை வரை பொறுக்கலாம் என்றார். இந்த மாதிரி இடங்களில் அந்த அம்மாள் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை வீட்டில் மோடத்தைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் வீட்டு இணைப்பில் படங்கள் மேலிருந்து கீழாக மெதுவாகத்தான் இறங்கும். முதலில் பத்துக் கூந்தல், பிறகு பத்து நெற்றி, பிறகு கண்கள். கொண்டையும் கூலிங் கிளாஸும் இறங்கிய பிறகு வாயும் மோவாயும் வந்தன. இருபது வயதில் கண்ணாடியில் நான் பார்த்த மோவாய்தான் அது. எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று தெரியவில்லை.

கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். கல்லாவி, தாய்மாமன், சுவர் எல்லாம். கேட்டுவிட்டு அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுல நீ எது?"

"எல்லாம்."

மறுபடி பார்த்தார். "அந்தக் கல்லாவிக்காரர் ஓடிப்போனதாலதான நீ எனக்குக் கெடச்ச? நல்லதுன்னு வச்சுக்கோ" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைப்பு. நல்லதோ கெட்டதோ, அதைக் கணக்குப் பார்க்க வேண்டியவள் நான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, தமிழ்ச் சங்கத்தில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இழுப்பறையைப் பூட்டியதே அதற்காகத்தான். ஆனால் அதை அவர் வாயில் கேட்டதும், அந்தத் தாய்மாமன் காபி வாங்காமல் நின்றது ஞாபகம் வந்து, என் குரல் உயர்ந்தது.

என் மகளுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். எங்கள் குரல் உயர்ந்ததைக் கேட்டு வந்து என் தோள் வழியே எட்டிப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த பதினொன்றாவது புத்தகத்தை அவளிடம் நீட்டினேன். காரையும் துப்பாக்கியையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, யூ லுக் டேஞ்சரஸ்" என்றாள். பிறகு அவளுடைய உடைந்த தமிழில், "ஏன் இத மட்டும் போடல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நூலகம் திறந்ததும் பதினொன்றாவது அட்டையை ஸ்கேன் செய்தேன். பிறகு ஓசூருக்குக் கூப்பிட்டேன். அங்கே கடை சாத்தும் நேரம். முதல் மணியிலேயே அவர் எடுத்தார். மூன்று நாளாக அவரே ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு அவர் மகன் சொன்னான்.

"போட்டுக்குங்க" என்றேன். "பதினொண்ணும்."

"சரிம்மா" என்றார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. "ரொம்ப சரிம்மா. ஃபாக்ஸ்ல இப்பவே எழுதி அனுப்பிடறேன். படம் வெங்கடேசப்பான்னு போட்டுட்டு, மொகம் இன்னாருதுன்னும் எழுதிடறேன். நெகட்டிவ் கவர் மேல இருந்த நம்பர்தாம்மா எனக்குத் தெரியும். உங்க பேரு என்ன?"

"வசந்தி" என்றேன். "முனுசாமி பொண்ணு வசந்தி, ஓசூர்."

"இரும்மா" என்றார். "எழுதிக்கறேன்."